என் வேலியைச் செல் சவ்வாக்கிய வாத்தியாருக்கு

ஹோமா பே, கென்யா

தம்பி மகன் ஒமோலோவுக்கு,

உன் பெரியப்பா ஒக்வேனோ எழுதுவது. உன் மாணவி என் சம்பந்திகளை வாசலிலேயே நிறுத்தினாள். அவர்கள் பரிச மாடுகளோடு திரும்பிப் போய்விட்டார்கள். நடந்த தவறு இதுதான். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை.

பாடம் நடத்த இடம் கேட்டாய், கொடுத்தேன். என் வீடுதான் செல், சுற்றியுள்ள கள்ளி வேலிதான் சவ்வு என்றாய். பிள்ளைகளைக் கொழுப்பு மூலக்கூறுகளாக்கி வேலியோரம் முதுகோடு முதுகாக இரண்டு வரிசையாக நிறுத்தி, "தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது, அதான் வால உள்ள மறைச்சு நிக்குது" என்றாய். சவ்வு கல்சுவர் அல்ல, மிதந்துகொண்டே இருக்கும் என்று சொல்லி அவர்களை நகரவும் வைத்தாய்; என் கீரைப்பாத்தி போயிற்று. கோழிகள் கால்களுக்கிடையில் தண்ணீர்போலப் புகுந்தன. ஆடு சர்க்கரையாம், அதை ஒருவன் தூக்கித்தான் உள்ளே கொண்டுவர வேண்டுமாம். என் கழுதைக்குச் சோடியம் என்று பேர் வைத்து, அது உள்ளே வர வர வெளியே தள்ளினார்கள். தள்ளுவதற்குச் சக்தி வேண்டும் என்று உன் பெரியம்மா காய்ச்சிய கஞ்சியையெல்லாம் குடித்தார்கள். இதையெல்லாம் நான் பொறுத்தேன்.

என்னைத்தான் நீ செல்லின் கரு என்று சொல்லி நடுமுற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். "பெரியப்பா, கரு எந்திரிச்சு வாசலுக்கு வராது" என்றாய். நண்பகலுக்குள் பாடம் முடியும், சம்பந்திகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள் என்றிருந்தேன். அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மாடு கத்துவது கேட்டது. வாசலில் நீ புரதமாக நிறுத்திய உயரமான பெண் பேசுவதும் கேட்டது.

"யாருங்க நீங்க? உங்க வடிவம் இந்த வாசலுக்குப் பொருந்தலையே."

"சம்பந்தி வீட்டுக்காரங்கம்மா. மாடு ஓட்டிட்டு வந்திருக்கோம்."

"பெரிய மூலக்கூறெல்லாம் நேரா உள்ள போக முடியாதுங்க ஐயா. தூக்கிட்டுப் போற புரதம் கஞ்சி குடிக்கப் போயிருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா ஒயுகி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒக்வேனோ அங்க நாற்காலியிலதான் உக்காந்திருக்காரு. பாத்துக்கிட்டே இருக்காரு. மாட்டத் திருப்புங்கப்பா" என்றார்.

வாசலுக்கு வந்த பரிச மாடு திரும்பினால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கல்யாணப்பெண்ணான என் மகள் அகேயோ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று ஓமெனா மீனை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "கருவா உக்காந்தது சரிப்பா. கொஞ்சம் அப்பாவா எந்திரிச்சு வந்திருக்கலாம்ல."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் உன் பிள்ளைகள் விட்டுப்போன புத்தகத்தை முழுக்கப் படித்தேன். சவ்வில் ஏற்பி என்று ஒன்று உண்டு. வெளியே வந்திருப்பது யார் என்று அறிந்து உள்ளே சேதி அனுப்புவது அதன் வேலை. நீ ஒரு ஏற்பியைக்கூட நிறுத்தவில்லை. குற்றம் உன்னுடையது. வாசல் புரதங்களைச் செய்யும் கட்டளை கருவிலிருந்துதான் போகிறது என்றும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் ஏற்கவில்லை.

ஆகவே நீ ஒயுகி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். அந்தப் பெண்ணையும் கூட்டிப்போ. உங்கள் தலைமையாசிரியர் கீரைக்கு விதை தரட்டும். நான் என் வாசலைத் தாண்டமாட்டேன். பெண்ணைப் பெற்றவன் மாட்டின் பின்னால் ஓடினான் என்று ஊர் பேசக்கூடாது.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசி. உனக்குப் பாதி.

பெரியப்பா ஒக்வேனோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை விடு. ஒயுகியின் தம்பி இப்போதுதான் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "வாத்தியார் வந்தா மறுபடியும் பாடம்தான் நடத்துவாரு. ஒக்வேனோவே வந்து கூப்பிடட்டும்னு அண்ணன் சொன்னாரு." சம்பந்தி வீட்டில் நான் கைநனைக்க முடியாது, அதனால் இங்கேயே உகாலிக் களி சாப்பிட்டுவிடுகிறேன். நீ மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விடு, அங்கே வாயைத் திறக்காதே. உன் பெரியம்மா கஞ்சி காய்ச்சட்டும். அகேயோ மாடுகளுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கட்டும். நான் அவர்கள் வேலிக்கு வெளியே நிற்பேன், அவர்களாக உள்ளே கூப்பிடும்வரை.