ஜனாதிபதியின் பிராக்ரஸ் ரிப்போர்ட்

அமெரிக்க ஜனாதிபதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டு, அந்த அட்டையில் பெற்றோர் கையொப்பமும் வாங்கியவர், இந்த நாடு தோன்றிய நாளிலிருந்து ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், எங்கள் வீட்டிலிருந்து பதினேழாவது வீட்டில் குடியிருந்தார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊரில் இருந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் ரிப்போர்ட் சார். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் கூட வந்தார். வந்த இடத்திலும் ஒரு கல்லூரியில், பின்னம் புரியாத பெரியவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் எடுத்தார். புரியாதவர்களைத் தலையில் குட்டுவது அவர் பழக்கம். இங்கே குட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மனைவி எச்சரித்திருந்தார். அதனால் அந்தக் கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கைக்கு அகப்பட்டவர்தான் ஜனாதிபதி.

நான் முதன்முதலில் அந்த அட்டையைப் பார்த்தது ஒரு தமிழர் விருந்தில். முப்பத்தோரு பேர், பதினான்கு பாத்திரங்கள், அவற்றில் ஐந்து தயிர்சாதம். நான் ஆறாவது பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுல சார்?"

"ஜனாதிபதி ரிப்போர்ட்ல. இந்த டெர்ம் பையன் பொருளாதாரத்துல எண்பத்தெட்டு எடுத்திருக்கான். வெளியுறவு சுமார், அறுபத்தொண்ணு. மருத்துவத்துல பெயில்."

"நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?"

"கார்டியன் யாரு? நாமதான? பிள்ளையை ஸ்கூல்ல சேர்த்துட்டு மார்க்கைப் பார்க்காம இருந்தா உருப்படுமா?"

கையொப்பத்துக்கும் அவர் விதி வைத்திருந்தார். எச்-ஒன் என்கிற வேலை விசாக்காரர்கள் பென்சிலால் போட வேண்டும். கிரீன் கார்டுக்காரர்கள் பால்பாயிண்ட். குடியுரிமை பெற்றவர்கள் மட்டும் மைப்பேனா. அன்று பென்சில் இருபத்திரண்டு, பால்பாயிண்ட் எட்டு. மைப்பேனா ஒன்றே ஒன்று. ரிப்போர்ட் சாரிடம்கூட அப்போது பால்பாயிண்ட்தான்.

அந்த ஒற்றை மைப்பேனா பல் டாக்டர் மலர். யாழ்ப்பாணத்துக்காரர். அட்டையை வாங்கி, ஒழுக்கம் என்று போட்டிருந்த கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். அந்த வருடம், அதாவது தொண்ணூற்றெட்டில், அமெரிக்கா முழுவதும் அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை.

"என்ன மாஸ்டர், ஒழுக்கத்துக்கு இருபதோ? சைபரெல்லோ போடோணும்!"

"குனிஞ்ச தலையோட மன்னிப்புக் கேட்டான்லா, அதுக்கு இருபது."

"சரி, அதுக்கு இருபது. பிறகேன் மொத்தத்தில பாஸ் எண்டு போட்டிருக்கிறியள்? பள்ளிக்கூடத்தால கலைச்சு விரட்ட வேண்டிய பெடியன்!"

"டாக்டரம்மா, கணக்குல வாங்குன மார்க்கை நடத்தைக்காகக் குறைக்கக் கூடாது. வாத்தியார் தர்மம்."

"உங்கட தர்மத்தை நீங்களே வச்சிருங்கோ. நான் கையெழுத்துப் போடமாட்டன்."

அட்டை மைப்பேனா இல்லாமலே திரும்பிப் போனது. அன்று ஆரம்பித்த சண்டை இரண்டரை வருடம் நடந்தது. விருந்து, பிறந்தநாள், பொங்கல் என்று நான் எண்ணியவரை பத்தொன்பது இடங்களில். மற்றவர்கள் பாயசத்தோடு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் நடுவில் மாட்டிக்கொள்வேன். எனக்கு வேலை ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு, அதாவது பழுதுகளை எண்ணுவது. அதனால் இருவருமே என்னை நடுவராக நினைத்துவிட்டார்கள்.

ஒருமுறை ரிப்போர்ட் சாருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. காரில் நான்தான் அழைத்துப் போனேன். வேறு டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "கொள்கை வேற, பல்லு வேற" என்றார். டாக்டர் மலர் அவர் வாயில் இரண்டு பஞ்சு, ஒரு குழாய், தன் கை எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஜனாதிபதியின் ஆட்சி முழுவதையும் ஆற அமர விமரிசித்தார். பதினெட்டு நிமிடம். மறு பேச்சில்லை. ரிப்போர்ட் சாரின் கண்கள் மட்டும் சுழன்றன. முடிந்ததும், கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை அவிழ்த்து, சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, அதிலேயே ஏழு மறுப்புகளை எண் போட்டு எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். வாய் மரத்துப்போயிருந்ததால் விடைபெறவில்லை.

இரண்டாயிரத்தில் தேர்தல் வந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ரிப்போர்ட் சார் குடியுரிமை வாங்கியிருந்தார். மைப்பேனாவும் வாங்கிவிட்டார். பார்க்கிற எல்லோரிடமும் அதை எடுத்துக் காட்டினார். பழைய ஆட்சி தொடர வேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்த்து நிற்கிற எங்கள் டெக்சாஸ்காரரே வரட்டும் என்பது டாக்டர் மலரின் கட்சி. ஆனால் ஓட்டுப் போடுகிற உத்தேசம் டாக்டருக்கு இல்லை. அது தெரிந்ததும் ரிப்போர்ட் சார் துடித்துப் போனார்.

"ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்துட்டு, ஓட்டுப் போட மாட்டீங்களா?"

"எங்கட ஊரில வோட்டுப் போட்டு என்னத்தைக் கண்டனாங்கள் மாஸ்டர்? போட்டவையும் போனவை, போடாதவையும் போனவை."

  ரிப்போர்ட் சார் கையிலிருந்த மைப்பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "சரி. எனக்காக வேண்டாம், எனக்கு எதிராப் போடுங்க. என் ஓட்டைச் செல்லாம ஆக்கணும்னாவது வாங்க. வாங்கம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்கட வோட்டை வெட்டுறதெண்டா வாறன்."

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. என் காரில் மூவரும் போனோம். ரிப்போர்ட் சார் கோட்டும் டையும் அணிந்திருந்தார். டாக்டர் கிளினிக்கிலிருந்து நேராக வெள்ளைக் கோட்டோடு வந்தார். எனக்கு ஓட்டு இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்து ஆறு வருடமாகியும் நான் விண்ணப்பிக்கவில்லை. அந்தப் படிவத்தை எடுப்பேன், பக்கங்களை எண்ணுவேன், திரும்ப வைத்துவிடுவேன். ரிப்போர்ட் சார் திட்டாத நாளில்லை.

வாக்குச்சாவடி ஓர் ஆரம்பப் பள்ளியில். எங்களுக்கு முன்னால் நாற்பத்து மூன்று பேர். ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றோம். எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி பட்டியலை ஒருமுறை புரட்டினார், இரண்டாம் முறை புரட்டினார், மூன்றாம் முறை விரலை வைத்துத் தேடினார். ரிப்போர்ட் சாரின் பெயர் இல்லை.

"இருக்கும். நல்லாப் பாருங்க. வீட்டுக்கே வந்து எழுதிட்டுப் போனாவ" என்று ரிப்போர்ட் சார் ஆங்கிலத்தில் வாதாடினார்.

யார் வந்தது, எப்போது வந்தது என்று பாட்டி கேட்டார். வசந்த காலத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, வீட்டில் எத்தனை பேர், வயது என்ன என்றெல்லாம் எழுதிக்கொண்டதாக ரிப்போர்ட் சார் சொன்னார். அது உண்மைதான். அன்று நானும் அங்கே இருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் காபியும் ஆறு முறுக்கும் கொடுத்து அனுப்பினோம். போன பிறகு, "பார்த்தீரா, நம்ம ஊர் மாதிரியே. ஓட்டர் லிஸ்டுக்கு வீடு தேடி வாராவ" என்று அவர் பூரித்ததும் ஞாபகம் இருக்கிறது. நானும் தலையாட்டினேன்.

பாட்டி மிகவும் மெதுவாக, அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றார்.

பின்னால் இருந்து டாக்டர் கேட்டார்: "மாஸ்டர், குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த அண்டைக்கு வாசலில ரெண்டு பொம்பிளையள் ஒரு கார்ட் தந்தவையெல்லோ? அதை நிரப்பிக் குடுத்தனீங்களோ?"

"அதா? நான் எந்தக் கட்சியிலயும் சேருறதா இல்லைன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டேனே."

அதுதான் வாக்காளர் பதிவுப் படிவம். பதிவுக்கான கடைசி நாள் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது.

வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. டாக்டர் மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றார். "இப்ப நான் ஆரின்ர வோட்டை வெட்டுறது? நானும் போடமாட்டன். வாங்கோ, போவம்."

"கூடாது." நாலாம் வகுப்புப் பையனை அதட்டுகிற குரல் அது. "எனக்கு எதிராப் போடத்தான வந்தீங்க? போட்டுட்டுத்தான் வரணும். கைப்பையைக் கொடுங்க, நான் வச்சிருக்கேன்."

டாக்டர் கைப்பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ரிப்போர்ட் சார் தாழ்வாரத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் உட்காருகிற நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு நிமிடம். கண்ணாடியை நான்கு முறை துடைத்தார். டாக்டர் வெளியே வந்ததும் யாருக்குப் போட்டார் என்று அவர் கேட்கவில்லை. கைப்பையைத் திருப்பிக் கொடுத்தார். 

ஆறுதல் சொல்வது எனக்குக் கைவராது. ஆனாலும் அடுத்த நாள் சாயந்திரம் செய்தித்தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். நாடு முழுவதும் முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது. வேறொரு மாநிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்துக்காக மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர் முகம் இன்னும் இறுகிப் போயிருந்தது.

"சார், அது அங்க. நம்ம டெக்சாஸ்ல வித்தியாசம் லட்சக்கணக்குல. இதோ பாருங்க. நீங்க ஒரு ஓட்டுப் போட்டிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

காபியைக் கீழே வைத்தார்.

"அப்போ முன்னால நின்ன நாப்பத்து மூணு பேரும் முட்டாளா?"

"நான் கணக்கைத்தான் சொன்னேன் சார்..."

"இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் சொல்லுதேன், கேட்டுக்கோங்க அண்ணாச்சி. இது கணக்கு இல்ல."

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த என் செருப்பை எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் சாயந்திரத்தில் பதினேழு வீடு நடந்து போய், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மனைவி, "போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே?" என்றாள். வெறும் கையோடு எப்படித் தட்டுவது?

பத்தாம் நாள் குடியுரிமைப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கமாக நிரப்பினேன். கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். வாங்கினார். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"என்ன அண்ணாச்சி இது, பிறந்த தேதியில இங்க மாசம் முன்னால வரணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உங்களையெல்லாம் குட்டணும்!"

மொத்தம் நான்கு தப்புக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு, அவருக்காக நானே போட்டு வைத்தவை.