ஒருவரியின் துடைப்பம்

‘ஒரே வரியில் முடிப்பவர்’ என்றொரு இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். ஐந்து நிமிடத்தில் கையால் முடிகிற வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். “இதுக்குப் போய்க் கையா? ஒரே வரிக் கட்டளை, அடிச்சா போச்சு” என்பார். அந்த ஒரு வரியை எழுத ஒரு வாரம் காணாமல் போவார். மவுஸைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியக் கூடாது. அப்போதுதான் அது வேலை.

நாம் பார்க்கப்போகிறவரை அலுவலகத்தில் ‘ஒருவரி’ என்றே கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபம் வராது. பட்டம் வாங்கியதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

அவருடைய அக்கா பல் டாக்டர். வருஷக்கணக்கில் அடுத்தவர் கிளினிக்கில் பல் பிடுங்கி அலுத்து, கடைசியில் சொந்தமாக ஒன்று திறக்க நாள் குறித்திருந்தாள். தெருவெல்லாம் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் தயார் செய்து அச்சகத்துக்கு அனுப்பினாள். அச்சகக்காரர் திருப்பி அனுப்பினார். “ஃபைல்ல ரெண்டு வெத்துப் பக்கம் இருக்கும்மா, அங்கங்க கண்ட குப்பையும் ஒட்டிக்கிட்டிருக்கு. எடுத்துட்டு அனுப்புங்க.”

அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

“ஏங்க, ரெண்டு பக்கம்தானே? கையாலயே எடுத்துடுங்களேன்” என்றாள் மனைவி.

“இன்னைக்குக் கையால எடுத்தா நாளைக்கும் கையாலதான் எடுக்கணும்.”

“நாளைக்கு யாரு கிளினிக் திறக்கப்போறா?”

நியாயமான கேள்வி. இந்த இனத்திடம் நியாயம் எடுபடுமா? அச்சகத்துக்குப் போகிற எந்தக் கோப்பையும் போகுமுன் துடைத்துப் பளிச்சென்று ஆக்குகிற ஒரு கருவியை எழுத உட்கார்ந்தார். அதற்குத் ‘துடைப்பம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைக்க ஒரு மாலை போயிற்று. துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று விளக்க ஓர் உதவிப் பக்கம்; அதைப் படிக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். பிழை வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை. இதற்கு நடுவில், துடைப்பம் வெளியுலகுக்குப் போனால் எத்தனை அச்சகங்கள் தன்னைத் தேடி வரும் என்று சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் தனிக் கணக்கு.

“டேய், அனுப்பிட்டியா?” என்று அக்கா தினமும் கேட்டாள். “ஆச்சுக்கா, ஒரே வரிதான்” என்று தினமும் சொன்னார்.

கடைசி நாள் கட்டளையை அடித்தார். பச்சை எழுத்து ஓடியது: ‘ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூசிகள் நீக்கப்பட்டன.’ அசந்துபோனார். ஒரு சின்னத் தாளில் இத்தனை தூசியா! அக்கா எவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கிறாள்! கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்தாரா? சேச்சே. திறந்து பார்ப்பதென்றால் துடைப்பத்தைச் சந்தேகிப்பதாகாதா? அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினார்.

திறப்பு நாளன்று காலை பிரசுரக் கட்டுகள் வந்து இறங்கின. அக்கா ஒன்றை எடுத்துப் படித்தாள்.

‘பல வலியா? இனி கவலை வேணடாம! சிரிததுககொணடே திருமபலாம!’

விஷயம் இதுதான். நாம் ‘ல்’ என்று எழுதினால், கணினிக்குள்ளே ல தனி, புள்ளி தனி. எழுத்தோடு சேராத சின்னக் குறியெல்லாம் தூசி என்று தம்பி துடைப்பத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். அது சொன்னபடி செய்தது. தமிழிலிருந்த புள்ளிகளையெல்லாம் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டது.

அக்கா கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. “ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்கலையேடா” என்றாள், தாழ்ந்த குரலில். தம்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அச்சகத்துக்குப் போன் போட்டார்.

“நீங்க அனுப்பினதை அப்படியே போட்டேன் சார். ஏதோ புது ஸ்டைல்னு நினைச்சேன்.”

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஒருவரி கடைக்கு ஓடிக் கறுப்புப் பேனாக்கள் வாங்கி வந்தார். காத்திருப்போர் நாற்காலிகளில் அக்கா, அத்தான், மனைவி, அவர் என்று வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு எழுத்தாக, கையால் புள்ளி வைத்தார்கள். கையால்!

“ரெண்டு பக்கத்தைக் கையால எடுக்கச் சொன்னேன்” என்றாள் மனைவி, தலை நிமிராமல். அவர் அடுத்த தாளை எடுத்தார்.

அப்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். புள்ளி வைக்காத தாள் ஒன்று எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது.

“டாக்டரம்மா, பல வலியான்னு போட்டிருக்கு. எனக்கு ஒரே ஒரு வலிதான். பார்ப்பீங்களா?”

அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் முதல் நோயாளியை உள்ளே அழைத்துப்போனாள். கையால் புள்ளி வைத்த பிரசுரம் தெருவில் பேச்சானது. ‘புள்ளி டாக்டர் கிளினிக் எது?’ என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். “உன் புண்ணியத்துல நானும் ஒரு பெரிய புள்ளி ஆயிட்டேன்டா” என்றாள் தம்பியிடம். அவர் நன்றாகச் சிரித்தார். சிரித்தபடியே, விட்டுப்போன புள்ளிகளைத் தானே வைக்கிற கருவிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.

இந்த இனம் கணினிக்குள் மட்டும்தான் வாழ்கிறது என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகச் சிரிக்க வேண்டாம். சட்டையை நொடியில் மடிப்பது எப்படி என்று வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்தீர்களே, அந்தச் சட்டைகள் இப்போது எங்கே? கொஞ்சம் எழுந்திருங்கள். எதன்மேல் உட்கார்ந்து இதைப் படித்தீர்கள் என்று பாருங்கள்.