பத்து முதல் ஐந்து வரை உண்ணாவிரதம்

நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயம் நிற்காது. நாற்பது வருடம் தொழிற்சங்கத்தில் கத்திக் கற்ற பாடம் அது.

முதல் நாள் காலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. அது அநீதி இல்லை. உழைத்த இயந்திரம், ஓய்வு கேட்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். நான்கை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். நாற்பத்திரண்டு நிமிடம் ஒரே மெட்டை வாசித்தார்கள். நடுநடுவே ஒரு பெண் குரல், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. முக்கியமானவனை இப்படியா வாசலில் நிற்க வைப்பார்கள்? கடைசியில் ஒருவர் வந்தார். புகார் பதிவாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் இன்னும் புகாரைச் சொல்லவே இல்லை. இது முதல் அநீதி.

மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் குறை திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ ஆளே வரவில்லை. உள்ளே பால் திரிந்து கிடந்தது. இது இரண்டாவது.

ஐந்தாம் நாள் மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து, “போர்டு போயிடுச்சு” என்று ஒரு பச்சைத் தகட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். ரசீது இல்லை. மூன்றாவது.

எட்டாம் நாள் பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவர், புதுப் போர்டுடன் ஒன்றே முக்காலுக்கு வந்தார். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் சமையலறைக்குள் போனதும் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இதற்கு முற்றுகை என்று பெயர். எழுத்துமூலம் மன்னிப்பு வேண்டும் என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். கூடவே உழைப்பின் கண்ணியம் பற்றியும் ஐம்பது நிமிடம் பேசினேன். பேசி முடித்துத் திறந்தால் உள்ளே ஆளில்லை. என் மனைவி கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்ப் பின்கதவின் வெளித்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருக்கிறாள். புதுப் போர்டும் அவரோடு போய்விட்டது. மன்னிப்பு எழுதித் தராமல் போனாரே, அது நான்காவது அநீதி.

ஐந்தாவது: அதன்பிறகு யாருமே வரவில்லை. எப்போது கேட்டாலும் “ஆள் கிளம்பிட்டாரு சார்” என்பார்கள். கிளம்பினவர் நடந்து வந்திருந்தால்கூட இதற்குள் எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்கே போயிருக்கலாம்.

ஆறாவதைச் சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கும். என் மனைவி தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்பவள். அந்த மருந்து சூடு தாங்காது. பத்து நாள் ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் வைத்தோம். வெயில் ஏறவும், பதினொன்றாம் நாள் நான் ஐஸ் கம்பெனிக்குப் போய் ஒரு கட்டி ஐஸ் தூக்கி வந்தேன். சீக்கிரம் கரையாமலிருக்க அதன்மேல் இரண்டு கை உப்பும் போட்டேன். மருந்து உறைந்தது. உருகியதை எடுத்து மூன்று நாள் போட்டுக்கொண்டாள். பதினான்காம் நாள் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். இரண்டு நாள் வார்டில் கிடந்தாள். “உறைஞ்ச மருந்தும் பச்சைத்தண்ணியும் ஒண்ணுதான். யார் ஐஸ்ல வச்சது?” என்று டாக்டர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கம்பெனி ஒழுங்காக ஆள் அனுப்பியிருந்தால் ஐஸுக்கு என்ன வேலை? அதையும் கம்பெனி தலையில் எழுதினேன்.

அதன்பிறகு மருந்து, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் ஃபிரிட்ஜில் குடியேறியது. என் மனைவி காலையும் மாலையும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வருவாள்.

பதினேழாம் நாள், திங்கட்கிழமை, தையல்காரம்மா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்தார்.

“அக்கா, சனிக்கிழமை வீட்டைக் காலி பண்றோம். ஃபிரிட்ஜும் வண்டியில ஏறிடும். உங்க மருந்தை என்ன பண்ணப் போறீங்க?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு தீர்மானம் அறிவித்துப் பழக்கமில்லை.

“உண்ணாவிரதம். கம்பெனி வாசல்லயே. ஆள் வர்ற வரைக்கும்.”

“யாரு?” என்றாள்.

“வேற யாரு, நான்தான்.”

“காலையில டீ அஞ்சு நிமிஷம் பிந்தினா உங்களுக்குக் கை நடுங்குமே.”

“கொள்கைக்கு முன்னாடி டீ எம்மாத்திரம்?”

தையல்காரம்மா குறுக்கே வந்தார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தன்மையா ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்.”

“தன்மையா? பதினொரு போராட்டம் நடத்தியிருக்கேன்மா. ஒண்ணுலகூடத் தன்மையாப் பேசினதில்லை.”

“அதுல எத்தனை ஜெயிச்சுது?” இது என் மனைவி.

“ஜெயிக்கிறது தோக்கிறது வேற. எதிர்ப்பு பதிவாகணும். அதுதான் முக்கியம்.”

“பதிவாயிடுச்சுன்னு அந்தக் கம்பெனியும்தான் சொல்லுச்சு.”

தையல்காரம்மா டேப்பின் நுனியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். என் மனைவி சிரிக்கவில்லை.

“அன்னைக்கு நீங்க வெளியில நின்னு கண்ணியத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்ப, அந்த மனுஷன் உள்ள என்ன கேட்டாருன்னு தெரியுமா? ஒரு வாய் தண்ணி. குடம் வெளியில இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு.”

“முற்றுகைன்னா அப்படித்தான் இருக்கும்.”

“என் சமையல்கட்டு எப்பங்க ஃபாக்டரி ஆச்சு?”

பதில் இருந்தது. நீளமானது என்பதால் சொல்லவில்லை. அவள் காய்ந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“சரி, இருங்க.”

“என்ன இருங்க?”

“உண்ணாவிரதம். ஆனா வியாழக்கிழமை இருங்க.”

“நாளைக்கே இருக்கலாமே.”

“நோட்டீஸ் அடிக்க வேணாமா? தட்டி எழுத வேணாமா? நாலு பேருக்குத் தெரியாம பட்டினி கிடந்தா அதுக்குப் பேரு வயித்துவலி.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் என் போராட்டம் ஒன்றை அவள் ஆதரிப்பது அதுதான் முதல் தடவை. சிறையிலிருந்து வந்தபோதுகூட, ‘செருப்பை வெளியில விடுங்க’ என்றுதான் வரவேற்றாள்.

“பத்து மணிக்கு உட்காருங்க. அஞ்சுக்கு முன்னாடி எந்திரிக்காதீங்க. யார் சமாதானம் பேசினாலும்.”

“நானா எந்திரிப்பேன்?”

“நடுவுல கண்ணாடியை மறந்துட்டேன், மாத்திரையை மறந்துட்டேன்னு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. மானம் போயிடும்.”

“இத்தனை வருஷம் இந்தப் புத்தியை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?”

“அடுப்படியிலதான்,” என்றாள்.

அன்றிரவே நோட்டீஸ் எழுதினேன். ‘குளிராத பெட்டியும் கொதிக்கும் நெஞ்சங்களும்.’ கீழே ‘பாதிக்கப்பட்டோர் போராட்டக் குழு’ என்று போட்டேன். குழுவில் இப்போதைக்கு நான் ஒருவன்தான். செவ்வாய்க்கிழமை முந்நூறு பிரதி அடித்து வந்தேன். நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க என் மனைவி ஒன்றை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலில் பாயை விரித்தேன். அது தானாகத் திறந்து தானாக மூடும் கண்ணாடிக் கதவு. நான் அசைந்தால் திறந்தது. தும்மினால் திறந்தது. உள்ளேயிருந்த குளிர் முழுவதும் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. என் போராட்டத்தால் அந்தக் கம்பெனிக்கு ஏற்பட்ட ஒரே சேதம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேலாளர் வெளியே வந்தார். விரட்டுவார் என்று பார்த்தால், நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

“சார், கீழ உட்காராதீங்க. நிழல்ல போட்டிருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் வசதியா இருங்க.”

எதிரி நாற்காலி போட்டால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டேன். முழங்கால் வலித்ததால் உட்கார்ந்துகொண்டே சந்தேகப்பட்டேன். அஞ்சு மணி என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் தோன்றவில்லை.

கூட்டத்தை நானாகச் சேர்க்கவில்லை, அதுவாகவே சேர்ந்தது. மிக்ஸியைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்த அம்மா ஒருவர் ஆறாவது தடவையாக வந்திருந்தார். தன் ஃபேனின் மோட்டாரைக் கொடுத்துவிட்டு வேறு யாருடைய மோட்டாரையோ வாங்கிப்போன ஒருவர், அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

“டோக்கன் நம்பர் கூப்பிடுவாங்கன்னு காலையிலேருந்து நிக்கிறேன்,” என்றார் ஃபேன்காரர்.

“என்ன நம்பர்?”

“நாலு.”

“இப்ப எது ஓடுது?”

“மூணு. நேத்தும் மூணுதான் ஓடுச்சு.”

இரண்டு மணிக்குக் கண் இருட்டியது. சாலையில் போகும் வண்டிகள் எல்லாம் ஃபிரிட்ஜாகத் தெரிந்தன. மனைவி விழுந்த இடமும், குடம் உருண்ட சத்தமும் நினைவுக்கு வந்தன. சனிக்கிழமைக்குள் நடக்காவிட்டால் அந்த மருந்தை எங்கே வைப்பேன்? முழக்கம் போட வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. கதவு திறந்துகொண்டது.

மூன்றரைக்கு மேலாளர் வந்தார்.

“சார், உங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுது. எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க.”

இப்படி எத்தனை வாக்குறுதிகளைப் பார்த்திருப்பேன்? வீட்டுக்குப் போன் போட்டேன்.

“ஓடுதுங்க,” என்றாள் என் மனைவி. “மருந்தை உள்ள வச்சாச்சு. மெக்கானிக் இப்பதான் சாப்பிட்டுட்டுக் கிளம்பினாரு.”

“சாப்பிட்டாரா?”

“ரெண்டு மணி நேரம் வேலை பார்த்தாரு. பசிக்காதா?”

“எந்தச் சோறு?”

“உங்க சோறுதான். நீங்கதான் இன்னைக்குச் சாப்பிடலையே. போதும், எந்திரிச்சு வாங்க.”

எழுந்திருக்கலாம்தான். ஆனால் வெற்றி பெற்றவன் சும்மா எழுந்தால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். சுற்றிலும் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாற்காலியில் ஏறி நிற்க முயன்றேன். காவலாளி தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தே பேசினேன்.

“ரிப்பேர் பண்ணினது சரி. ஒரு நோயாளியை இத்தனை நாள் தவிக்க விட்டது யாரு? அந்த ஆளோட பேரு எனக்கு வேணும். இத்தனை பேர் சாட்சியா, சத்தமா வாசிக்கணும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

மேலாளரின் முகம் மாறியது. “வேணாம் சார். பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க.”

“பயமா இருக்கா?”

“எனக்கில்ல சார்.”

“படிச்சுத்தான் ஆகணும்,” என்றார் மிக்ஸிக்காரம்மா. “என் மிக்ஸியைக் கெடுத்ததும் அதே ஆளாத்தான் இருக்கும்.”

மேலாளர் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். பார்த்ததும் தெரிந்தது, என் நோட்டீஸ். எதிரியின் கோப்பு வரை போயிருக்கிறது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் வாசிக்கத் தொடங்கினார்.

“‘மேலாளர் அவர்களுக்கு. நான் இன்சுலின் போட்டுக்கொள்பவள். எங்கள் வீட்டுக்கு வர உங்கள் மெக்கானிக் பயப்படுவது தெரியும். வியாழக்கிழமை பத்து முதல் ஐந்து வரை என் கணவரை உங்கள் வாசலிலேயே உட்கார வைக்கிறேன். அங்கே நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பூட்டு எதுவும் இருக்காது. நான் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டேன். இன்னொரு முறை கிடக்க உடம்பில் தெம்பில்லை. முதல் எட்டு நாள் தாமதத்துக்கு உங்கள் கம்பெனிதான் பொறுப்பு. அதற்கு மன்னிப்பு வேண்டாம், ஆள் வந்தால் போதும். அதற்குப் பிந்திய நாட்களுக்குப் பொறுப்பானவர் பெயர்...’”

மேலாளர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். “இதோட விட்டுடலாமா சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பன்னிரண்டு சாட்சிகளும் ஒரே குரலில் படிக்கச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் நான் திரட்டிய எந்தக் கூட்டமும் இவ்வளவு ஒற்றுமையாகக் குரல் கொடுத்ததில்லை.

அவர் வாசித்தார். முப்பத்தாறு வருடமாக ‘என்னங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள், என் பெயரை, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தாள். கடைசி ஆளுக்கும் கேட்கும்படி நிறுத்தித் தெளிவாக வாசித்தார் மேலாளர்.

ஃபேன்காரர் என் காதருகே குனிந்து, “யாருங்க அந்த ஆளு, உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.