அட்டைக் கட்டில்

சொந்த வீடு கட்டினால் அதில் எனக்கென்று ஓர் அறை இருக்கும். அந்த அறைக்குக் கிழக்கே ஒரு சன்னல் இருக்கும். அதன் கதவைச் சாத்தும் உரிமை எனக்கு மட்டுமே இருக்கும். இத்தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. என் மனைவி பிலோமினா அப்போது மீன் வாங்கப் போயிருந்தாள்.

புதிய துறைமுகத்தின் கட்டுமான அலுவலகத்தில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன் நான். என் தனித்திறமை படியெடுத்தல். கப்பலின் வடத்தைக் கட்டும் இரும்புத் தூண் ஒன்றைச் செம்மையாக வரைவேன். அதன்மேல் டிரேசிங் தாளைப் பரப்பி, நகர்த்தி நகர்த்தி, அந்த ஒரு தூணைத் தளம் முழுவதற்கும் பெருக்கிவிடுவேன். அப்பங்களைப் பெருக்கிய ஆண்டவருக்கு அடுத்தபடி இனிகோதான் என்று என்னைப் பற்றி மேலதிகாரியே சொல்லியிருக்கிறார். அடிக்கடி வரும் பொருள்களுக்கு அட்டைத் துண்டுகளும் வைத்திருந்தேன். கட்டில், மேசை, நாற்காலி, எல்லாம் மேலிருந்து பார்த்த வடிவில். வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பேன். பொருந்திய இடத்தில் பசை தடவி ஒட்டிவிடுவேன்.

திரேஸ்புரத்துக்கு இந்தப் பக்கம் மனை வாங்கினோம். வரைபடம் என் கைவண்ணம். கடலைப் பார்த்த பெரிய அறை எனக்கு. பின்புறம், அடுக்களையை ஒட்டி, ஒரு சிற்றறை. யாராவது வந்தால் தங்குவதற்கு.

அந்த 'யாராவது' மணப்பாட்டில் காத்திருந்தார் என்பதை நான் அறியேன். என் மாமியார் ஞானபாய் அம்மாளுடன் இருந்த மகன் விக்டருக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது.

"அம்மா இனி அங்கன தனியா கெடக்க முடியுமா? நம்மகூட வந்து இருக்கட்டும். அந்தச் சின்ன அறை போதும்" என்றாள் பிலோமினா.

என் மாமியார் பத்தினி, பக்தை. விடியுமுன் அவர் செபமாலை சொல்லத் தொடங்கினால் மணப்பாட்டில் கரை சேராத வள்ளமும் கரை சேரும். அத்தகைய குரல் ஒரு சுவருக்கு அப்பால் ஒலிக்க, நான் எவ்வாறு நேர்க்கோடு போடுவேன்?

ஆனால் மாமியாருக்கு ஒரு கட்டில் உண்டு. அவருடைய தகப்பனார் கொழும்பிலிருந்து தோணியில் கொண்டுவந்த தேக்குக் கட்டில். அது இல்லாத இடத்தில் அவர் கண்ணயர மாட்டார். ஆகவே, கட்டில் கொள்ளாத வீட்டுக்கு மாமியாரும் வரமாட்டார். மணப்பாட்டிலேயே அவருடைய தங்கை வீடும் இருந்தது. தருக்கம் முழுமையாக இருந்தது.

வீட்டின் வரைபடம் ஓர் அளவுகோலில் இருந்தது. வேறோர் அளவுகோலில் வரைந்த பழைய தாள் ஒன்றிலிருந்து கட்டிலைப் படியெடுத்து அட்டையில் வெட்டினேன். என் வீட்டின் அளவுகோலுக்கு அது ஒன்றரை மடங்கு பெரிது. வரைபடத்திலும் பொய் இல்லை. கட்டிலிலும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் மட்டும் சிறிது உண்மை குறையும்.

"ஏளா பிலோமினா, இங்கன வந்து பாரு. ஒங்கம்மா கட்டிலு."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.

"இதுவா?"

"மேலேருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்."

"நான் பக்கத்துலருந்துதான் பாத்திருக்கேன்."

சிற்றறையில் அட்டையை வைத்தேன். சுவருக்குச் சுவர் நிறைந்தது.

"கதவு திறக்காது போலுக்கே?"

"திறக்காது. ஒங்கம்மாவ உள்ள வச்சுட்டுத்தான் சுவரே எழுப்பணும்."

அவள் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பினாள். குறுக்கே வைத்தாள். மூலையில் தள்ளினாள்.

"சரியாத்தான் வெட்டியிருக்கியளா?"

"துறைமுகமே நான் போட்ட கோட்ட நம்பித்தான் நிக்கி."

"துறைமுகம் நிக்கட்டும். கட்டிலு சரிதானா?"

"நூல் பிசகாது."

"மாதா மேல சத்தியமா?"

"தொட்டதுக்கெல்லாம் சத்தியம் பண்ணப்பிடாதுன்னு சாமியாரே சொல்லியிருக்காருல்லா?"

"அதுவுஞ் சரிதான்" என்றாள். சற்று நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு என்ன ஆறுதல் சொல்லி அனுப்புவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"பசை எங்கன இருக்கு?"

கொடுத்தேன். கட்டிலின் முதுகில் நிறையத் தடவினாள். கடலைப் பார்த்த பெரிய அறையின் நடுவில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள்.

"இங்கன ஒழுங்கா கெடக்கு. அம்மாவுக்குக் காத்தும் வரும்."

"ஏளா, அது என் அறை!"

"வேற எங்கன கெடக்கும்? நூல் பிசகாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அந்தக் கட்டில் சிற்றறையில் தாராளமாகக் கொள்ளும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் அட்டை ஏன் இவ்வளவு பெரிது என்ற கேள்வி அடுத்து வரும். வாயை மூடிக்கொண்டேன். இழந்தது பெரிய அறைதானே, சிற்றறை இருக்கிறது.

"அப்ப சின்ன அறை எனக்கு."

"ஒரு கட்டிலு கூடக் கொள்ளாத அறை எதுக்குங்க? அந்தச் சுவர எடுத்துருங்க. அடுக்களை பெருசாயிரும்."

"என் டிராயிங் போர்டு?"

என் மேசையின் அட்டையை ஒற்றை விரலால் வீடு முழுவதும் தள்ளிக்கொண்டு போனாள். கூடத்தில் நின்றது. குளியலறை வாசலில் சிறிது தயங்கியது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"இங்கன மழை அடிக்காது."

"நிமிர முடியாதே!"

"குனிஞ்சுதான படம் போடுதிய?"

கொத்தனாருக்கு வரைபடத்தைப் படியெடுத்துத் தர வேண்டும் என்றாள். என் கையால் எடுத்தால்தான் பிசகாது என்றும் சொன்னாள். எடுத்தேன். அழித்த சுவர் அழிந்தபடி, வீங்கிய கட்டில் வீங்கியபடி, பிழையைக்கூடப் பிழையின்றிப் படியெடுத்தேன். பழக்கதோஷம்.

கொத்தனார் வீரபாகு தாளை விரித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உள்ள கெடக்கது கட்டிலா, தோணியா?"

பிலோமினா முந்திக்கொண்டு சொன்னாள்: "கொழும்புக் கட்டிலு, அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு நூல் பிடிச்சு அளந்தது."

வீடு எழுந்தது. சாமியார் வந்து மந்திரித்தார். மறுநாளே மணப்பாட்டிலிருந்து லாரியில் கட்டிலும், அதன்மேல் சாய்ந்தபடி மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். கட்டிலைப் பெரிய அறையின் நடுவில் இறக்கினார்கள். அதைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தி நடத்தலாம். அவ்வளவு இடம் மிஞ்சிக் கிடந்தது.

"அறை நல்ல தாராளமா இருக்கு, மாப்ள. ஒமக்குப் பெரிய மனசு" என்றார் மாமியார்.

மாடிப்படிக்கு அடியில் குனிந்தபடியே நான் அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

பிலோமினா கட்டிலை ஒருமுறை சுற்றி வந்தாள். என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

"வெயில்ல வந்ததுல்லா, கட்டிலு வத்திச் சுருங்கிருச்சு போலுக்கு."