துணியில்லாக் குடைக்கு இருபத்தேழு பாராட்டு

அறிக்கை ஞானியின் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. அவரைப் பார்க்க வந்த வரிசையோ படியிறங்கி, ரொட்டிக்கடையைச் சுற்றி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிற்று. மெத்தை தைக்கிறவர், நாய் சோப்பு காய்ச்சுகிறவர், பேசும் கடிகாரம் செய்கிறவர் என்று பொருள் செய்யத் தெரிந்த அத்தனை பேரும் கையில் ஒரு தாளோடு நின்றார்கள். தாளில் இருந்தது செய்திக்குறிப்பு. அதை ஞானி தொட்டுக் கொடுத்தால் வலைப்பதிவர்கள் விழுந்தடித்துக்கொண்டு எழுதுவார்களாம். பொருள் எப்படி இருந்தால் என்ன, தொட்டது ஞானியின் கை அல்லவா.

வரிசையில் நாற்பத்திரண்டாவதாக நின்றவள் ஒரு கடைசல் பட்டறைக்காரி. விபத்தில் கணவருக்கு வலது கை செயலிழந்தபோது, ஒற்றைக் கையால் பாட்டில் மூடி திறக்க ஒரு கருவி கடைந்து கொடுத்தாள். நன்றாக வேலை செய்தது. ஆசை பிடித்து இன்னும் இருநூறு கடைந்தாள். இருநூறும் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தன.

"மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேராவது கேட்டு வரலைன்னா, கடைசல் மெஷினை வித்துடலாம்" என்று கணவர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்த மெஷின் போனால் அவளுக்குப் பாதி உயிர் போன மாதிரிதான்.

ஞானி அவள் தாளைப் படிக்கவில்லை. கண்ணை மூடித் தொட்டார்.

"தலைப்பு ஒன்பது எழுத்துல இருக்கணும். பச்சை நிறத்துல அடிக்கணும். சரியா பதினொன்னு பதினொன்னுக்கு அனுப்பணும். அனுப்பறப்ப மவுஸை வலப்பக்கமா மூணு சுத்து சுத்தணும்."

"பொருள் என்ன செய்யும்னு எழுத வேணாங்களா?"

"அது உங்க இஷ்டம்மா. ஆனா முக்கியமா ஒண்ணு. இருபத்தொரு நாளைக்கு எந்தப் பதிவர்கிட்டயும் பேசிடக் கூடாது. பேசினா ஈர்ப்பு உடைஞ்சு போயிடும்."

அன்று மத்தியானமே ஞானியின் சுவர்த்திரையில் இருபத்தேழு வலைப்பதிவுகள் அவள் கருவியைப் புகழ்ந்தன. பட்டறைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போயிற்று. ஒரு ஈ காக்கை கூட விசாரிக்கவில்லை. ஞானியிடம் கேட்டதற்கு, "மவுஸை இடப்பக்கம் சுத்திட்டீங்க போல" என்றார். அதுமுதல் அவளுக்குத் தன் மணிக்கட்டின் மேலேயே சந்தேகம்.

அவள் நாத்தனாருக்குக் குழாய் தொழிற்சாலையில் வேலை. குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். அந்தக் கண்ணோடு இருபத்தேழு பதிவுகளையும் படித்து முடித்தாள்.

"அண்ணி, இவங்களுக்கெல்லாம் கருவி அனுப்பினீங்களா?"

"இல்லையே."

"அப்புறம் ஒரு வாரமா திறந்து பார்த்தேன்னு எழுதியிருக்காங்களே, எதைத் திறந்தாங்க?"

பட்டறைக்காரி போய் அலமாரியை எண்ணிப் பார்த்தாள். இருநூறும் அப்படியே இருந்தன.

அடுத்த சனிக்கிழமை ஞானியின் பொதுக்கூட்டம். மாடி அறையில் நிற்க இடமில்லை. நாத்தனார் புதிதாக ஒரு செய்திக்குறிப்பை நீட்டினாள். ஞானி வழக்கம்போலப் படிக்காமல் தொட்டார், கட்டணத்தை மட்டும் தொட்டதோடு விடாமல் வாங்கிக்கொண்டார், பதினொன்று பதினொன்றுக்கு அனுப்ப வைத்தார். பன்னிரண்டு அடிக்குமுன் திரையில் இருபத்தேழு பதிவுகள். கூட்டம் கைதட்டியது.

நாத்தனார் முதல் பதிவை உரக்கப் படித்தாள். "இந்தக் குடையோடுதான் ஒரு வாரமாகக் கொட்டும் மழையில் போய் வருகிறேன். ஒரு சொட்டு நனையவில்லை."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் எழுதின ரெண்டாவது வரி இதுங்க: இந்தக் குடைக்குக் கம்பி மட்டும்தான், துணி கிடையாது."

மெத்தைக்காரர் குபீரென்று சிரித்தார். ஞானி அசரவில்லை. "நம்பிக்கை இருந்தா கம்பியும் காக்கும்" என்றார். அதற்கும் நாலு தலை ஆடியது. ஆடுகிற தலைக்குக் காரணமா வேண்டும்?

"சரிங்க. எல்லாரும் போனை எடுங்க. ஆளுக்கு ஒரு பதிவைப் பிடிச்சு, கீழே 'எங்களைத் தொடர்புகொள்ள'ன்னு இருக்கிற கட்டத்துல ஒரு வணக்கம் போடுங்க" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, ஈர்ப்பு உடைஞ்சிடும்" என்று ஞானி எழுந்தார்.

நாய் சோப்புக்காரர் அதற்குள் அனுப்பிவிட்டார். ஞானியின் சட்டைப்பையில் 'டிங்' என்றது. பட்டறைக்காரி தானும் ஒரு வணக்கம் அனுப்பினாள். மறுபடி 'டிங்'. அப்புறம் அறை முழுக்க விரல்கள் ஓடின, பை ஓயவில்லை. இருபத்தேழு பதிவரும் ஒரே சட்டைப்பையில் குடியிருந்தார்கள். ஞானி பையைப் பொத்திக்கொண்டு பின்படி வழியாக இறங்கினார். கீழே போகப் போகவும் டிங் டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டறைக்காரி வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

"அண்ணி, நிஜமா எழுதற பிளாக் எதையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?"

படித்ததில்லை. வரிசையில் நின்ற ஒருவருமே படித்ததில்லை. படிக்காமலே படிக்கிறவர்களை மயக்கக் கிளம்பியிருந்தார்கள்.

அன்று உட்கார்ந்து தேடினார்கள். மூட்டுவலியோடு வீட்டுவேலை செய்வதைப் பற்றி எழுதும் ஓர் ஓய்வுபெற்ற நூலகர் கிடைத்தார். ஜாம் பாட்டிலிடம் தோற்றுப்போன கதையை அவர் வேடிக்கையாக எழுதியிருந்தார். பட்டறைக்காரி அவருடைய பதிவுகளில் பத்தைப் படித்தாள். பிறகு ஆறே வரி எழுதினாள்: ஜாம் கதையைப் படித்தது, கணவர் கை, கருவி எப்படிப் பிடிக்கும், எங்கே கிடைக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய மூடிக்கு இது உதவாது என்பதையும் மறைக்காமல் எழுதினாள். ஒரு படமும் ஒரு கருவியும் கூடவே போயின.

நூலகர் நாலு நாள் திறந்து பார்த்துவிட்டு எழுதினார். 'பிடி கொஞ்சம் வழுக்குகிறது' என்று குறையும் சொன்னார். மாதம் முடியுமுன் பதினேழு பேர் கேட்டு வந்தார்கள். கணவர் இடது கையால் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். பட்டறைக்காரி வழுக்காத பிடி கடையத் தொடங்கினாள்.

சேதி கேட்டு மெத்தைக்காரர் பட்டறைக்கு ஓடி வந்தார். கையில் நோட்டும் பேனாவும்.

"அம்மா, அந்தக் கடிதத்தை எத்தனை மணிக்கு அனுப்பினீங்க? என்ன நிறத்துல?"

பட்டறைக்காரி மெஷினை நிறுத்தினாள்.

"மணி பார்க்கக் கடிகாரம் இருக்குதுங்க. யாருக்கு எழுதறோம்னு பார்க்கத்தான் தலை இருக்கு. அதை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு, வெறும் கழுத்தோட வரிசையில நிக்காதீங்க."