சாவிக்காரருக்கு ஒரு அலாரம்

நீச்சல்குளத்தின் வாசலில் ஒரு கூட்டமே துண்டோடு நின்றது. சிலர் துண்டு மட்டுமே கட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வாழ்நாளெல்லாம் ஊரைக் காக்கவைத்தவருக்குத் தானே காத்துநிற்பது புது அனுபவம். ஒரு கையால் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் காற்றில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

குளத்தைத் திறக்க வேண்டிய சாவிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறியிருந்தன. ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் மனைவியுடையது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, சாவியை வாட்ச்மேன் கையில கொடுத்துடுவேன்" என்றார் கிளப் செயலாளர். "நீங்க குளத்துல பாசி சுரண்டலாம்."

நடந்தது இதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். எழுப்ப ஆளில்லை. தலைமாட்டில் போன் அலறத்தான் செய்தது. அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல அதைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, தானும் தூங்கிப்போனார் மனிதர்.

மனைவி திரும்பி வந்ததும் அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"சாப்பிட்டுட்டு வரலாமே?"

"விளையாடாதே. இனிமே என்னை நீ எழுப்ப வேண்டாம். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கப்போறேன். போன் இனி படுக்கையறைக்கு வராது. அப்புறம், உன் குடும்பத் திட்டத்துல இருந்து நான் விலகறேன். தனி போன், தனித் திட்டம்."

இந்தக் கடைசி வரிதான் உள்ளே இருந்த முள். இருவருடைய போன் எண்களும் ஒரே திட்டத்தில், அவள் பெயரில் இருந்தன. இவர் எப்போது எவ்வளவு டேட்டா கரைத்தார் என்பது அவள் போனில் தெரிந்துவிடும். ஊரார் கண்ணுக்கெல்லாம் நம்பர் பார்ப்பவள், புருஷன் நம்பரைப் பார்க்காமல் விடுவாளா? "மத்தியானம் பம்பு ரிப்பேர்னு சொன்னீங்க. அந்த நேரத்துல ஒரு முழுப் படம் ஓடியிருக்கே, பம்புலயா ஓடிச்சு?" என்று போன வாரம்தான் கேட்டிருந்தாள்.

சண்டை வரும் என்று பதில்களைக்கூடத் தயாராக வைத்திருந்தார். வரவில்லை.

"தாராளமா" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. கடிகாரம் அடிச்சா எனக்கும் முழிப்பு வருமே?"

"நீ ஏன் முழிக்கணும்? போர்த்திட்டுத் தூங்கு. காலை வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பேச்சு வேகத்தில் வாய் முன்னால் போய்விட்டது. புத்தி பின்னால் வந்து சேர்ந்தபோது, "வார்த்தை மாற மாட்டீங்களே?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானா? மாறுறதா?"

கடிகாரக் கடையில் சேவல்போல் கூவுவது, பறவைபோல் கீச்சிடுவது, அடித்தால் மேசையிலிருந்து குதித்து ஓடுவது என்று வகை வகையாகக் காட்டினார்கள். ஓடுவதைத் துரத்த விடியற்காலையில் தெம்பு ஏது? தலையில் இரட்டை மணி வைத்த பழைய மாதிரி ஒன்றை எடுத்தார். கடைக்காரர் அடித்துக் காட்டியதில் எதிர்க்கடை நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. அதுவே போதும் என்று வாங்கிவிட்டார்.

அடுத்தது போன் கடை. அங்கிருந்த பெண் திட்டங்களை மளமளவென்று ஒப்பித்தாள்.

"இது அளவில்லாத் திட்டம் சார்."

"எவ்வளவு வரைக்கும்?"

"ஓரளவு வரைக்கும் அளவில்லை சார்."

அவர் தலை சுற்றி நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டு, அவள் இன்னொன்றைக் காட்டினாள். "இது அதிகாலைத் திட்டம். பகல்ல கொஞ்சம்தான் கிடைக்கும். ஆனா விடியக்காலை அஞ்சு மணி வரைக்கும் எவ்வளவு பாத்தாலும் இலவசம்."

"அஞ்சு மணிக்குத்தாம்மா நான் எழுந்திரிக்கவே போறேன்."

"கொஞ்சம் முன்னாடி எழுந்திருங்க சார். ராஜா மாதிரி இருக்கலாம்."

ராஜா என்ற சொல்லில் விழுந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அஞ்சு மணிக்குக் கடிகாரம் வீட்டைத் தூக்கி நிறுத்தியது. அவரும் எழுந்தார். காபி போட்டார். முந்தின நாள் பாத்திரங்களைத் துலக்கினார். துணி துவைத்து உலர்த்தினார். மனைவிக்கு மத்தியானச் சாப்பாடு செய்து டப்பாவில் அடைத்தார். குளித்து, நடந்து குளத்துக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்த சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அஞ்சரை!

கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அஞ்சரையேதான். அரை மணியில் அத்தனை வேலையுமா? அன்றைக்கு அவருக்குத் தன்மேல் பிறந்த மரியாதை, அவருடைய மாமனாருக்குக்கூட அவர்மேல் ஒரு நாளும் பிறந்ததில்லை.

தினமும் இதே கதைதான். பாத்திரம் கூடினாலும் அஞ்சரை. துணி கூடினாலும் அஞ்சரை. வித்தை கைக்கு வந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் பிரசங்கம் தொடங்கினார்.

"நீ இந்த வேலைக்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் எடுப்பியே, ஏன் தெரியுமா? உனக்கு முறை தெரியல. பாத்திரம் ஊறும்போது துணியைப் பாக்கணும். துணி ஊறும்போது குழம்பைப் பாக்கணும்."

"ஆமாங்க, நான் மந்தம். உங்க கைவேகம் எனக்கு வராது. நீங்களே செய்யுங்க" என்றாள் அவள், போர்வைக்குள்ளிருந்து.

சாவிக்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

குளத்திலும் புகழ் பரவியது. ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய கதவு அஞ்சரைக்கே திறந்து கிடந்தது. நீதிபதி முதுகில் தட்டினார். செயலாளர் அறிவிப்புப் பலகையையே மாற்றி எழுதினார்: இனி குளம் அஞ்சரைக்குத் திறக்கும். "முடியுமா?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றார் இவர், மீசையைத் தடவியபடி.

ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது துணைக்கு இருக்கட்டும் என்று போனில் பழைய பாட்டுகளை ஓடவிட்டார். சாயங்காலம் பார்த்தால் டேட்டா கொஞ்சமும் குறையவில்லை. நேரே போன் கடைக்குப் போனார்.

"ஏம்மா, உங்க கம்பெனி ஏமாந்துபோச்சு. அஞ்சு மணிக்கு அப்புறம் பாத்திரம் துலக்கறப்ப பாட்டு கேட்டேன், அதுவும் இலவசமா ஓடுது. நான் நேர்மையான ஆளு, அதான் சொல்ல வந்தேன்."

அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "நீங்க பாட்டு கேட்டது நாலு இருபதுக்கு சார்."

"நாலு இருபதுக்கா? அப்ப நான் தூங்கிக்கிட்டு இருந்திருப்பேனே!"

"பாத்திரம் துலக்கறப்பன்னு சொன்னீங்களே சார்?"

 சாவிக்காரர் வீட்டுக்கு ஓடினார். படுக்கையறைக் கடிகாரத்தையும் கையிலிருந்த போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே யாரோ முள்ளைத் திருகியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

கோபத்தைக் காட்டினால் அரை மணி வித்தை அம்பலமாகிவிடும். பிரசங்கம் செய்த வாய் அது. அதனால் மெல்லச் சிரித்துக்கொண்டு, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைத்தார். நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். ஜெயித்தது யார்?

அந்தக் கூடுதல் தூக்கம் தேனாக இனித்தது. நிஜமான அஞ்சு மணிக்குக் கடிகாரம் அடித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பூனைபோல் வாசலை நோக்கி நடந்தார்.

"ஏங்க, காபி?" போர்வைக்குள்ளிருந்து குரல்.

"இல்ல... இன்னைக்கு நேரம்..."

"மணி அஞ்சுதானே? உங்களுக்கு எல்லாம் சேர்ந்தே அரை மணிதானே ஆகும்?"

  அடுப்படிக்கு ஓடினார். காபியில் உப்பு விழுந்தது. டம்ளர் ஒன்று உடைந்தது. குழம்பைக் கிளறிய கரண்டி துணி வாளிக்குள் போனது. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கிளம்பியபோது கிழக்கு நன்றாக வெளுத்திருந்தது.

குளத்து வாசலில் துண்டுகள் வரிசையாக நின்றன. அறிவிப்புப் பலகையில் அஞ்சரை என்று பெரிதாக எழுதியிருந்த இடத்தில், நீதிபதி விரலை வைத்தபடி நின்றிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்" என்றார் செயலாளர். "இதுதான் கடைசி."

சாயங்காலம் மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் படுக்கையறைக்குள் போனார். கடிகாரத்தைக் கையில் எடுத்தார். தன் கையாலேயே, ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்.

"கடிகாரமா திருப்பறீங்க?" என்று குரல் வந்தது. "அப்படியே இன்னொரு மணி நேரம் சேர்த்து வெச்சிடுங்க. என் தம்பி குடும்பத்தோட ஒரு மாசம் தங்க வர்றான்."