பரங்கிமலையைச் சுற்றிய லாப் துரை

'தெரியாது' என்ற வார்த்தை ஆசிரியர்களின் வாயில் லேசில் வராது. அன்றைக்கு அதை நான் சொல்லியிருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். என்ன, வேலைதான் இருந்திருக்காது.

பதினோரு வருஷத்துக்கு முன் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் எனக்கு டெமோ கிளாஸ். (வேலை தருவதற்கு முன் நம்மைப் பாடம் நடத்தவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான், பஜ்ஜி கிடையாது.) ஏற்கெனவே மூன்று பள்ளிகளில் "சொல்லியனுப்புறோம்" என்றிருந்தார்கள். இதுவும் போனால் டீச்சர் ஆசையையே மூட்டை கட்டிவிடுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் பம்மலில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

இங்கிலீஷ் பாடத்தில் 'லாப்சைடட்லி' (lopsidedly) என்ற வார்த்தை வந்தது. சமமில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து என்றேன். ஷேர் ஆட்டோவில் கால்வாசி சீட்டில் தொற்றி வந்ததை நடித்தும் காட்டினேன். வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், சைடுன்னா பக்கம். லாப்னா என்ன மிஸ்? அது எங்கேர்ந்து வந்துச்சு?"

கடைசி பெஞ்சில் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லாப்னு ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாரும்மா," என்றது என் வாய். அடுத்து என்ன வரப்போகிறதென்று எனக்கும் தெரியாது. "பரங்கிமலையைத் தினமும் ஒரே பக்கமா சுத்தி வாக்கிங் போவாரு. சரிவுல நடந்து நடந்து ஒரு கால் தேஞ்சு போச்சு."

நாற்பது பிள்ளைகளும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

"நம்ம ஊரை வெச்சே சொல்றீங்களேம்மா," என்றார் கரஸ்பாண்டன்ட். "திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க."

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். லாப் என்றால் தொய்ந்து தொங்குவதாம். ஒரு பக்கம் பாரமாகிச் சாய்ந்த கப்பலைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்களாம். கணவரிடம் சொன்னேன். மனிதர் விக்கல் வரும்வரை சிரித்தார்.

மூன்றாம் வருஷம் மனசு கேட்காமல் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "இல்ல மிஸ், எங்க அக்கா நோட்ல துரைதான் இருக்கு. நீங்களே சொன்னதாம்," என்றான். இன்றும் ஒவ்வொரு அரையாண்டுப் பரீட்சையிலும் யாராவது ஒருவர் விடைத்தாளில் துரையை நடக்கவிடுகிறார்கள். தப்பென்று அடித்துவிடத் தெம்பில்லை. அரை மார்க் போட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் நோட்டுப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வேன். பதினோரு வருஷமாக அதே தோள்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கணவர் மகளிடம் சொல்வார்: "துரை வந்துட்டாரு, தண்ணி கொண்டா."

முன்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். போன வாரம்தான் கழற்றிய செருப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பு மட்டும் தேய்ந்திருந்தது.